பெரியவர்களிடம் நேராகப் பேசுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோர் தினச் சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். வெளிநாட்டுக்காரர்கள் வயதானவர்களை விடுதியில் தள்ளிவிடுகிறார்களாம், நாம்தான் தெய்வமாகக் கொண்டாடுகிறோமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்று 2007இல் சட்டம் போட வேண்டி வந்ததும் இதே நாட்டில்தான்.

கட்டுரையாளர் பிரான்சை ஒரு பிடி பிடித்திருந்தார். 2003 ஆகஸ்ட் வெயிலில் அங்கே ஏறக்குறைய 15,000 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். நாடே கோடை விடுமுறையில் இருந்த நேரம். அவமானம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மறு ஆண்டே, வருடத்தில் ஒரு நாள் தொழிலாளர்கள் கூடுதல் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பது, அதற்கு ஈடாக நிறுவனங்கள் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புக்குப் பணம் கட்டுவது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பும் கிளம்பியது, அது வேறு கதை. ஜப்பானில் 1963 முதல் நூறு வயதைத் தொட்டவர்களுக்கு அரசு வெள்ளிக் கிண்ணம் தருகிறது. முதல் வருடம் 153 பேர்தான். பிறகு ஆயிரக்கணக்கில் பெருகவே, 2016இல் வெள்ளி முலாமாக மாற்றிவிட்டார்கள். மரியாதைக்கும் பட்ஜெட் உண்டு போலிருக்கிறது!

சரி, நம் ஊருக்கு வருவோம். எங்கள் தெருவில் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றுக்காக அவரோடு வங்கிக்குப் போயிருந்தேன். கவுன்டரில் இருந்தவர் என்னைப் பார்த்து, "தாத்தாவுக்குக் காது கேக்குமா?" என்றார். "நல்லாவே கேக்குது, சொல்லுங்க தம்பி" என்றார் பெரியவர். அப்புறமும் பேச்சு என்னிடம்தான். "விரலைத் துடைச்சிட்டு வைக்கச் சொல்லுங்க சார்." நூல் இழுத்து இழுத்துத் தேய்ந்த விரல், எத்தனை முறை துடைத்தாலும் ரேகை விழவில்லை. செல்போனில் முகத்தைக் காட்டியே சான்று பெறலாம் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண்தான் அவரிடமே சொன்னார், "ஐயா" என்று கூப்பிட்டு.

உங்கள் பக்கங்களிலும் இதே குறைதான். சுருங்கிய கைகளின் படம் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், மனநல ஆலோசகர் இருக்கிறார். ஒரு பெரியவர் தன் வாயால் சொன்னதாக ஒரு வரி இல்லை. அடுத்த முறை சாயங்காலம் காந்தி சிலைப் பக்கம் ஒரு நிருபரை அனுப்புங்கள். பென்ஷன், முழங்கால், மருமகள், அரசியல் என்று பேச அங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.