சின்னக் கப்பலில் போ, விஜி

அன்புள்ள விஜிக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பையன் உங்கள் இருவரையும் சியாட்டிலிலிருந்து கிளம்பும் பெரிய கப்பலில் அலாஸ்காவுக்கு அனுப்பப் போகிறான் என்று எழுதியிருந்தாய். சந்தோஷமாக இருந்தது, கூடவே பதற்றமாகவும் இருந்தது. அவன் முன்பணம் கட்டுவதற்குள் இதைப் படித்துவிடு, நான் பெரிய கப்பலிலும் போயிருக்கிறேன், சின்னதிலும் போயிருக்கிறேன்.

முதல் தடவை மகள் ஆசையாக எடுத்துக்கொடுத்த டிக்கெட். நாலாயிரம் பேர் போகிற கப்பல். அறை வசதியாக இருந்தது, இந்தியச் சாப்பாடு கிடைத்தது, பேரன் நீச்சல் குளத்தை விட்டு வரவே இல்லை. ஆனால் நான் அலாஸ்காவைப் பார்க்கப் போனவள். ஜூனோவில் இறங்கிய அன்று துறையில் எங்களுடையதோடு நாலு கப்பல், 32,000 பேர் வசிக்கிற ஊரில் நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. ஊர்க்காரர்களே தாங்க முடியாமல் பேசி 2024 முதல் ஒரு நாளைக்கு 5 பெரிய கப்பல்தான் என்று வரம்பு வைத்தார்கள். 2026 முதல் ஆள் கணக்கிலும் வரம்பு உண்டு, ஒரு நாளைக்கு வரும் கப்பல்களில் எல்லாம் சேர்த்துச் சனிக்கிழமை 12,000 படுக்கை, மற்ற நாட்களில் 16,000.

அப்புறம் கிளேசியர் பே. அந்தத் தேசியப் பூங்காவுக்குள் பெரிய கப்பல் ஒரு நாளைக்கு இரண்டுதான் நுழையலாம், நுழைந்தாலும் பயணிகள் இறங்க முடியாது. பூங்கா ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி மைக்கில் விளக்கம் சொன்னார்கள், அருமையாகவே சொன்னார்கள். மார்ஜரி பனியாற்றுக்கு முன்னால் ஒரு மணி நேரம் போல நின்றோம். பதினோராவது மாடியிலிருந்து பார்த்தால் தண்ணீரில் மிதக்கிற பனிக்கட்டியெல்லாம் வெள்ளைப் புள்ளி. இவ்வளவு தூரம் வந்தும் எதையும் தொடாமல் போகிறோமே என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்தக் குறை மனதில் இருந்ததால்தான் போன ஜூனில் சின்னக் கப்பலில் போனோம். அறுபது பேர். சியாட்டிலிலிருந்து ஜூனோவுக்கு விமானம் (மாநிலத்தின் தலைநகரம் அது, ஆனால் வெளியிலிருந்து சாலையே கிடையாது), அங்கிருந்து ஏழு நாள்.

எண்டிகாட் ஆர்ம் என்று ஒன்று, இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் கடல் நீளமாக உள்ளே போகிறது, முடிவில் டாஸ் பனியாறு. ஓரளவுக்குமேல் கப்பலை நிறுத்திவிட்டு எங்களைப் பத்துப் பத்துப் பேராக ரப்பர் படகில் இறக்கினார்கள். பனிக்கட்டிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது வழிகாட்டிப் பெண் மோட்டாரை அணைத்துவிட்டு, கேளுங்கள் என்றாள். எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி சுற்றிலும் படபடவென்று சத்தம், விஜி! பனிக்குள் பல காலமாக அடைபட்டிருந்த காற்று, பனி உருக உருக வெடித்து வெளியே வருகிற சத்தமாம் அது. ஒரு கட்டியின்மேல் சீல் ஒன்று குட்டியோடு படுத்துக்கொண்டு எங்களையே பார்த்தது. பனிச்சுவரிலிருந்து ஒரு பாளம் விழுந்தது முதலில் கண்ணுக்குத் தெரிந்தது, சத்தம் அப்புறம்தான் வந்து சேர்ந்தது. அங்கத்திய பூர்வகுடிகளான டிலிங்கிட் மக்கள் இதை வெள்ளை இடி என்பார்களாம். ஹாஸ்டலிலிருந்து பிச்சாவரம் போனோமே, சுரபுன்னைக்குள் படகுக்காரர் துடுப்பை உள்ளே இழுத்து வைத்துவிட்டு "கொஞ்சம் பேசாம இருங்கம்மா" என்றாரே, வேரில் நண்டு ஏறுகிற சத்தம்கூடக் கேட்டதே. நாற்பது வருஷத்துக்கு அப்புறம் அதே அமைதி. நீ பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

கிளேசியர் பேயில் இந்தத் தடவை பார்ட்லெட் கோவ் என்ற சின்னக் குடாவின் கரையில் இறங்கி நடந்தோம். பாசி மூடிய காடு, ஈர மண் வாசனை. கரையோரம் ஹூனா டிலிங்கிட் மக்களின் மர வீடு இருக்கிறது. 1700களில் பனியாறு முன்னேறி வந்து அவர்களுடைய ஊர்களை அழித்துவிட்டது. 1794-இல் ஆங்கிலேயக் கடற்பயணி வான்கூவரின் ஆட்கள் வந்தபோது வளைகுடா வாசல் வரை பனிச்சுவர்தான், இன்றைக்குப் பனியைப் பார்க்க 100 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டியிருக்கிறது. அந்த மக்கள் தங்கள் சொந்த மண்ணில் மறுபடி ஒரு வீடு கட்டிக்கொண்டது 2016-இல்தான். செதுக்கிய மரச்சுவரைத் தடவிப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐசி ஜலசந்தியில் திமிங்கலங்கள். குளிர்காலத்தில் ஹவாயில் இருந்துவிட்டு, கோடையில் சாப்பிடுவதற்கென்றே இங்கே வருகின்றன. 100 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம், அதனால் கேப்டன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார், தண்ணீருக்குள் மைக் இறக்கி அவை கூப்பிடுகிற குரலை எங்களுக்குக் கேட்க வைத்தார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் கப்பல் நகரவில்லை. பெரிய கப்பல் மறுநாள் காலை இன்ன துறையில் இன்ன மணிக்கு நின்றாக வேண்டும், அதற்கு இப்படிக் காத்திருக்க முடியாது.

இன்னொன்று, விசா. வெளிநாட்டுக் கொடியோடு ஓடுகிற கப்பல் சியாட்டிலில் ஆளை ஏற்றி சியாட்டிலிலேயே இறக்குவதானால் நடுவே ஒரு வெளிநாட்டுத் துறையைத் தொட வேண்டும், 1886-இலிருந்து அமெரிக்காவில் சட்டம். அதற்காகத்தான் அநேகமாக எல்லாப் பெரிய கப்பலும் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கின்றன. நம் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சில மணி நேரத்துக்காகக் கனடா விசாவும் எடுக்க வேண்டும். நாங்கள் போன சின்னக் கப்பல் அமெரிக்கக் கொடி, அலாஸ்காவை விட்டு வெளியே போகவே இல்லை.

சரி, காசு. எங்களுக்குப் பெரிய கப்பலைப் போல நாலு மடங்குக்கு மேல் ஆனது. ஊழியர்களுக்கு அமெரிக்கச் சம்பளம், செலவைப் பங்கு போட அறுபதே பேர், அப்படித்தான் ஆகும். ஆனால் ரப்பர் படகு, கயாக், காட்டு நடை எல்லாம் அதற்குள் அடக்கம், பெரிய கப்பலில் ஒவ்வொரு துறையிலும் தனியாகக் கொடுத்தோம். அறை சின்னது. சைவம் என்று முன்கூட்டியே எழுதியிருந்ததால் சமையல்காரர் முதல் நாளே வந்து என்ன பிடிக்கும் என்று கேட்டுப் பருப்பு வேகவைத்துக் கொடுத்தார், நான் ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டு போயிருந்தேன். பேரன் பேத்தி, சம்பந்தி என்று குடும்பத்தோடு போவதாக இருந்தால் நானே பெரியதில் போ என்பேன். நீங்கள் இரண்டு பேர்தானே போகிறீர்கள்.

எனக்கு ஒரே கவலை அண்ணனின் முழங்கால்தான். அந்தக் கப்பலில் லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து, ரப்பர் படகில் இறங்கும்போது ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும் (இரண்டு பேர் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனாலும்). டாக்டரிடம் கேட்டுவிட்டு எழுது. லிஃப்ட் உள்ள சின்னக் கப்பல்களும் இருக்கின்றன, மகளை விசாரிக்கச் சொல்கிறேன். அதுவரை பையனைப் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே அவனைக் கூப்பிட்டுப் பேசுகிறேன்.

அன்புடன்,
மீனா