மெரிடாவுக்கு இன்னொரு பெயர் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மெக்சிகோவின் யூகடான் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மெரிடாவின் சதுக்கத்தையும் இசமாலின் மஞ்சள் வீடுகளையும் கட்டுரையாளர் ஆசையோடு வருணித்திருக்கிறார். ஆனால், அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாயர்கள் மறைந்துபோன பிறகு ஸ்பானியர்கள் கட்டிய நகரங்கள் இவை என்று எழுதியிருப்பது தவறு. முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவள் நான். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

மெரிடா வெற்று நிலத்தில் எழுந்த ஊர் அன்று. 1542 ஜனவரி 6ஆம் நாள் ஸ்பானியப் படைத்தலைவர் மொந்தேஹோவின் மகன் அந்த நகரை நிறுவிய இடத்தில் ஹோ என்ற மாயர் ஊர் இருந்தது. அதன் கற்கட்டடங்கள் ஸ்பெயினிலுள்ள மெரிடாவின் ரோமானியச் சிதைவுகளை நினைவூட்டியதால்தான் அந்தப் பெயரையே இதற்கும் வைத்தார்கள். பிறகு அந்தக் கட்டடங்களைப் பெயர்த்து, 1598இல் முடிந்த பேராலயத்துக்குக் கல் எடுத்தார்கள். சுமந்தவர்களும் அடுக்கியவர்களும் மாயர்கள். அதே சதுக்கத்தில் மொந்தேஹோ மாளிகையின் முகப்பைப் பார்த்தாலே போதும். மனிதத் தலைகளை மிதித்தபடி ஈட்டியுடன் இரண்டு வீரர்கள் கல்லில் நிற்கிறார்கள். கட்டுரையில் வந்த அழகான புகைப்படத்தில் அவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இசமாலும் அப்படித்தான். கட்டுரையாளர் படியேறிப் போன துறவிமடம் ஒரு மாயர் கோயில் மேடையின் மேல் நிற்கிறது. சில தெருக்கள் தள்ளி கினிச் கக்மோ பிரமிடு இன்னும் உயர்ந்து நிற்கிறது.

கட்டுரை அறவே விட்டுவிட்ட ஊர் மனி. 1562 ஜூலை 12 அன்று பிரான்சிஸ்கன் துறவி தியேகோ தெ லாந்தா அங்கே மாயர்களின் தெய்வ உருவங்களையும் ஏடுகளையும் தீயிட்டுக் கொளுத்தினார். மரப்பட்டைத் தாளில் சுண்ணம் பூசி, வண்ணத்தில் எழுதி, மடித்து வைத்த ஏடுகள் அவை. எல்லாவற்றையும் எரித்தோம், அவர்கள் மிகவும் வருந்தினார்கள் என்று லாந்தாவே பின்னர் எழுதி வைத்தார். அந்தக் கோடையில் விசாரணை என்ற பெயரில் மணிக்கட்டில் கயிறு கட்டித் தொங்கவிடப்பட்டும் சவுக்கால் அடிக்கப்பட்டும் வதைபட்டவர்கள் 4,500 பேருக்கு மேல். அவர்களில் 158 பேர் இறந்தார்கள். ஆகஸ்டில் வந்து சேர்ந்த ஆயர் தொராலுக்கு இது பொறுக்கவில்லை. சிறையில் கிடந்தவர்களை விடுவித்தார். லாந்தா ஸ்பெயினுக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் 1573இல் அவரே யூகடானுக்கு ஆயராகத் திரும்பி வந்தார்.

ஸ்பெயினில் இருந்தபோது அவர் குறித்துவைத்த மாய எழுத்துக் குறிகள்தான், 1952இல் ரஷ்ய அறிஞர் யூரி நொரோசொவ் அந்த எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டறிய உதவின. இதைச் சொல்லி லாந்தாவுக்கு நன்றி பாராட்டுவோர் இருக்கிறார்கள். என்னால் முடியாது. இன்று உலகில் எஞ்சியிருக்கும் மாய ஏடுகள் நான்கே.

மெரிடாவையும் மனியையும் போல ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கதை உண்டு. 1552இல் வந்த அரசு அதிகாரி தொமாஸ் லோபெஸின் கட்டளைப்படி, சிதறிக்கிடந்த சிற்றூர்களைக் கலைத்து மக்களைச் சதுக்கமும் தேவாலயமும் நேர்த்தெருக்களும் உள்ள ஊர்களில் குடியேற்றினார்கள். திரும்பிப் போகாதபடி பழைய வீடுகளை எரித்தார்கள், பழமரங்களையும் விட்டுவைக்கவில்லை. பருத்தித் துணி, சோளம், மெழுகு என வரி வாங்கினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் வியக்கும் அந்த நேர்த்தெருக்கள் இப்படித்தான் வந்தன.

அப்படியும் மாயர்கள் மறையவில்லை. மாய எழுத்தர்கள் லத்தீன் எழுத்தைக் கற்றுத் தங்கள் மொழியிலேயே, வரலாறும் வருங்குறிகளும் கொண்ட சிலம் பலம் நூல்களை எழுதி, ஊர் ஊராகப் படியெடுத்துக் காத்தார்கள். தெற்கே ஏரித்தீவில் இருந்த இட்சா மாயர்களின் நோஹ்பெத்தேன் 1697 மார்ச் வரை ஸ்பானியர் கைக்குப் போகவில்லை. மெரிடா நிறுவப்பட்டு 155 ஆண்டுகள் கழித்து! ஸ்பெயின் ஆட்சி போன பின்னும், 1847இல் தெபிச் என்ற ஊரில் தொடங்கிய மாயர் எழுச்சி தீபகற்பத்தின் பெரும்பகுதியைப் பிடித்தது. அவர்களின் தலைநகரான சான் சாந்தா குரூஸை மெக்சிகோ ராணுவம் கைப்பற்றியது 1901இல்தான்.

இன்று மெக்சிகோவில் யூகடான் மாய மொழி பேசுவோர் ஏழரை லட்சத்துக்கும் மேல். அவர்கள் பேச்சில் மெரிடா இன்னும் ஹோ. வல்லடோலிட் இன்னும் சகி. கட்டுரையாளர் தங்கிய விடுதியிலும் உணவகத்திலும் அந்த மொழி அவர் காதில் விழுந்திருக்கக்கூடும்.

அந்த ஒரு வாக்கியத்துக்கான திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை நூலாக வருமானால், ஊர்ப்பெயர்களோடு அவற்றின் மாயப் பெயர்களையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
காரைக்குடி