மாசி கொண்டுவந்த பெண்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணம் இல்லை, நம்பு. வீட்டில் ஒரு பிள்ளை வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள், அவள் போன பிறகு கல்யாணம் முடிந்த வீடு மாதிரி ஆகிவிட்டது, உட்கார்ந்து எழுத மனமே வரவில்லை. "ஜப்பான்காரப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறாயாமே, உங்கம்மா சொன்னார்கள், அதென்ன கதை" என்று கேட்டிருந்தாய். அம்மா என்னென்ன சேர்த்துச் சொன்னாளோ! நான் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊருக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்டு. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அடுத்த ஊர் ஃபேர்ஹேவன். ஒரு காலத்தில் இரண்டுமே திமிங்கிலம் பிடிக்கப் போகிற கப்பல்களின் ஊர். 1841-இல் ஜப்பானின் தோசா கடற்கரையிலிருந்து மீன் பிடிக்கப் போன ஐந்து பேர் புயலில் சிக்கித் தோரிஷிமா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். அவர்களில் சின்னவன் மான்ஜிரோ, வயது 14. பல மாதம் பறவையைத் தின்று உயிர் பிழைத்துக் கிடந்தவர்களை எங்கள் பக்கத்துக் கப்பல் ஒன்று ஏற்றிக்கொண்டது. அப்போது ஜப்பானை விட்டு வெளியே போனவன் திரும்பி வந்தால் மரண தண்டனைகூடக் கிடைக்கலாம், அதனால் ஊருக்குக் கொண்டுபோய் விடவும் வழியில்லை. மற்ற நான்கு பேரும் ஹொனலூலுவில் இறங்கிக்கொள்ள, கேப்டன் விட்ஃபீல்டு பையனை மட்டும் தன்னோடு கூட்டி வந்துவிட்டார். 1843-இல் ஃபேர்ஹேவனில் ஒரு ஜப்பானியப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான், இங்கிலீஷும் கணக்கும் கப்பலோட்டும் சாஸ்திரமும் படிக்கிறான். இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. கேப்டன் தான் போகிற சர்ச்சுக்கு அவனையும் கூட்டிப் போயிருக்கிறார். பையனைத் தங்களோடு சரிசமமாக உட்கார வைக்க அங்கே இருந்தவர்களுக்கு மனமில்லை. கேப்டன் சண்டை போடவில்லை, பிரசங்கம் செய்யவில்லை, அவனை ஏற்றுக்கொண்ட வேறு சர்ச்சுக்கு மாறிவிட்டார், அவ்வளவுதான். வீட்டுப் பிள்ளை என்றால் அப்படித்தானே செய்வோம்? மான்ஜிரோ பிறகு கலிஃபோர்னியாவில் தங்கம் தோண்டிக் காசு சேர்த்து 1851-இல் நாடு திரும்பி, விசாரணை எல்லாம் கடந்து, சாமுராய் அந்தஸ்து வாங்கி, 1860-இல் அமெரிக்கா வந்த கப்பலில் மொழிபெயர்ப்பாளராக வந்ததெல்லாம் பெரிய கதை. 1870-இல் ஐரோப்பா போகிற வழியில் ஃபேர்ஹேவன் வந்து கிழவராகிவிட்ட கேப்டனைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

கேப்டனின் அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். 1987-இலிருந்து ஃபேர்ஹேவனும் அவருடைய ஊர் இருக்கிற தோசாஷிமிசுவும் சகோதர நகரங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அக்டோபரில் திருவிழா வேறு, மேளமும் சுஷியும் போர்த்துகீசியப் பலகாரமும் ஒரே தெருவில். ஆக இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் ஜப்பான் பிள்ளைகள் வருவதும் போவதும் புதிய விஷயம் இல்லை. மூத்தவள் ஒரு நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள், "மார்ச்சில் பத்து நாள், நம் வீட்டில் ஒருத்தி தங்கலாமா?" என்று. இவர் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார், வழக்கம்போல.

எனக்கு ஒரே ஒரு உறுத்தல் இருந்தது. அந்தப் பெண் பாவம் அமெரிக்கா பார்க்க வருகிறாள், தங்க நிற முடியும் நீலக்கண்ணுமாக ஒரு குடும்பம் வாசலில் நிற்கும் என்று நினைத்துக்கொண்டு வருவாள், இங்கே வந்து பார்த்தால் நைட்டியில் நான். வீட்டைப் பார்க்க வந்த பொறுப்பாளர் அம்மாவிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அவள் படுக்க ஒரு கட்டில், சாப்பிட ஒரு மேசை, எரிச்சல் வந்தால் அதைக் காட்ட ஒரு அம்மா, இந்த மூன்றும் இருந்தால் போதும்" என்றார். எங்களுடையது பத்து நாள் சமாசாரம், அதனால் விதிகள் லேசு. ஒரு வருடம் தங்கிப் பள்ளியில் படிக்க ஜே-1 விசாவில் வரும் பிள்ளைகள் என்றால் கெடுபிடி அதிகம். வீட்டில் 18 வயது தாண்டிய எல்லோருடைய குற்றப் பின்னணியையும் சோதிப்பார்கள், வீட்டுக்குள் வந்து பார்ப்பார்கள், பொறுப்பாளர் 120 மைலுக்குள் இருக்க வேண்டும், மாதத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளையிடம் பேச வேண்டும். வீட்டுக்காரருக்குச் சம்பளம் என்று ஒரு டாலர் கிடையாது. அந்தக் கடைசி விதிதான் சரியான விதி என்று எனக்குத் தோன்றுகிறது. காசு வாங்கினால் அது ஹாஸ்டல், நம் ஹாஸ்டல் வார்டன் முகம் ஞாபகம் இருக்கிறதா?

சரி, பெண் வந்தாள். 16 வயது, கோச்சி மாகாணம், ஒல்லி, தலை குனிந்து குனிந்து கழுத்து வலிக்காதா என்று எனக்குக் கவலை. வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அமெரிக்கர்கள் ஷூவோடு கட்டில் வரைக்கும் போவார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அப்புறம் பெட்டியைத் திறந்து பரிசுகளை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றும் தனித்தனித் தாளில் மடிப்புக் கலையாமல். அதில் ஒரு பொட்டலத்தைப் பிரித்தால், ஏட்டி, மாசிக் கருவாட்டு வாசனை! சத்தியமாகச் சொல்கிறேன், தூத்துக்குடியில் உங்கள் வீட்டு அடுக்களையில் நிற்கிற மாதிரி இருந்தது. கட்சுஓபுஷி என்று பெயர் சொன்னாள். சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரி காயவைத்து, அதை மரத்தூள் போலச் சீவி வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பக்கம் அதற்குப் பேர் போனதாம். நான் உள்ளே போய் அம்மா கொடுத்தனுப்பிய மாசித் துண்டை எடுத்து வந்து அவள் கையில் வைத்தேன். மோந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி மோந்து பார்த்தாள். அன்று இரவு மாசிச் சம்பலும் சோறும். பத்து நாளில் நாங்கள் பேசிய பேச்சில் பாதி அந்த மாசியிலிருந்து தொடங்கியதுதான்.

சாப்பாட்டில் ஒரு சிக்கலும் இருந்தது. எதைக் கேட்டாலும் "வேண்டாம், போதும்" என்பாள். முதல் தடவை கேட்டதும் சரி என்பது அவர்களுக்கு மரியாதை இல்லை, என்ரியோ என்று அதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். அமெரிக்க வீடுகளில் ஒரு தடவைதான் கேட்பார்கள், வேண்டாம் என்றால் வேண்டாம்தான், தட்டை எடுத்துவிடுவார்கள். அவளோடு வந்த இன்னொரு பெண் முதல் இரண்டு நாள் பசியோடே படுத்தாளாம், அந்த வீட்டு அம்மாவுக்குக் கடைசியில் தெரிந்து அழுதே விட்டார். இரண்டு பேர் மேலும் தப்பு இல்லை. நம் வீட்டில்தான் உனக்குத் தெரியுமே, மூன்றாவது தடவை கேட்கும்போது கரண்டி ஏற்கெனவே தட்டுக்கு மேலே இருக்கும். அவள் பிழைத்துக்கொண்டாள்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும், நீ வகுப்பில் சொல்லலாம். மூன்றாம் நாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று "இத்தெகிமாசு" என்றாள். என்ன அர்த்தம் என்று கேட்டேன். இங்கிலீஷில் சொல்ல முயன்று முயன்று, அதற்கு இங்கிலீஷில் சொல் இல்லை, 'நான் போகிறேன், வருகிறேன்' என்று விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். அடிப்பாவி, போயிட்டு வரேன்! அதற்கு வீட்டில் இருப்பவர் சொல்லும் பதில் "இத்தெராஷ்ஷாய்", அதுவும் அப்படியே நம் போயிட்டு வா. நம் பிள்ளைகள் இரண்டும் இங்கே "பை" என்று கத்திவிட்டு ஓடுகிறதுகள், பத்து வருடமாக நான் சொல்லிச் சொல்லிக் கேட்காததை ஒரு ஜப்பான்காரி ஒரு வாரத்தில் செய்துவிட்டாள். இப்போது சின்னவன் தினமும் இத்தெகிமாசு சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறான். தமிழில் சொல்லடா என்றால் மட்டும் வராது.

பள்ளியிலும் ஒரு கூத்து. ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டித் துடைப்பது வழக்கம் இல்லையா, இவள் கடைசி மணி அடித்ததும் எழுந்து துடைப்பம் எங்கே என்று தேடியிருக்கிறாள். ஆசிரியர் குழம்பிப்போய், தண்டனை எதுவும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றாராம்.

இதெல்லாம் சிரிப்புக் கதை. இனி நான் தூங்காமல் கிடந்த கதை. இதற்குப் பதிலாக மூத்தவள் ஜூலையில் அங்கே போய் அந்த வீட்டில் தங்க வேண்டும். போகட்டும் என்று சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் புரண்டேன். என் பயத்தை இவரிடம் சொன்னபோது, "பயப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான், நாம் இல்லை" என்றார். அப்போதுதான் ஹட்டோரி கதையைச் சொன்னார், நான் முன்பு கேள்விப்பட்டதில்லை.

யோஷிஹிரோ ஹட்டோரி, நகோயாப் பையன், 16 வயது, 1992-இல் பரிமாற்ற மாணவனாக லூசியானாவில் பேட்டன் ரூஜ் நகரத்துக்கு வந்தான். டான்ஸ் பிடித்த, எல்லோரிடமும் ஓடிப் போய்ப் பேசுகிற பிள்ளை. வந்து இரண்டு மாதம்தான். அக்டோபர் 17 அன்று, தங்கியிருந்த வீட்டுப் பையனோடு ஹாலோவீன் பார்ட்டிக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனான். தேடிய வீடு சில வீடுகள் தள்ளி இருந்தது, அலங்காரத்தைப் பார்த்து இதுதான் என்று தப்பான வீட்டு மணியை அடித்துவிட்டார்கள். வீட்டுக்கார அம்மா மிரண்டு கணவனைக் கூப்பிட, அவர் துப்பாக்கியோடு வந்து "ஃப்ரீஸ்" என்று கத்தினார். அசையாதே என்று அர்த்தம். இவன் சிரித்த முகத்தோடு பார்ட்டிக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தான். ஒரே குண்டு. அடுத்த வருடம் ஜூரி அந்த மனிதரைக் குற்றவாளி இல்லை என்று விட்டுவிட்டது.

பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு விளங்கவே மாட்டேன் என்கிறது. வீடுகளில் துப்பாக்கி வைத்துக்கொள்வதைத் தடுக்கச் சொல்லி 17 லட்சம் கையெழுத்து வாங்கிக்கொண்டு 1993 நவம்பரில் அதிபர் கிளிண்டனை நேரில் பார்த்தார்கள். மகன் பெயரில் ஒரு நிதி வைத்து, அமெரிக்கப் பள்ளி மாணவர்களை ஜப்பானுக்கு வரவழைத்தார்கள், துப்பாக்கி இல்லாத ஊரில் மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று. மகன் தங்கியிருந்த வீட்டுக்காரர்கள்மேல் அவர்களுக்குக் கோபமில்லை. அந்தத் தம்பதியும் இவர்களும் சேர்ந்தே பிரசாரம் செய்தார்கள். நானாக இருந்தால்? வேண்டாம், நினைக்கவே பிடிக்கவில்லை.

இந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு ஒன்று உறைத்தது. மார்ச்சில் விமான நிலையத்தில் பெட்டியோடு அவளை அனுப்பினாளே ஒரு தாய், அவளும் நகோயாப் பையனின் கதை தெரிந்தவளாகத்தான் இருப்பாள், என் வயதுக்காரி. அப்படியும் அனுப்பியிருக்கிறாள், என் பெயரைக்கூட ஒழுங்காக உச்சரிக்கத் தெரியாமல்.

நீ கேட்ட இன்னொரு கேள்வி, இதனால் நாடுகளுக்குள் நட்பு வளர்கிறதா என்பது. அந்த மாதிரிப் பெரிய பேச்சில் எனக்கு நம்பிக்கை குறைவு. 1934-லேயே ஜப்பான் கல்லூரி மாணவர்கள் தாங்களாகவே அமெரிக்க மாணவர்களை டோக்கியோவுக்கு அழைத்து மாநாடு நடத்தினார்கள், நாடுகள் முறைத்துக்கொண்டிருக்கின்றன, நாமாவது பேசுவோம் என்று. 1940 வரை நடத்தினார்கள், 1941-இல் பேர்ல் ஹார்பரில் அமெரிக்கக் கப்பல்கள்மேல் ஜப்பான் குண்டு போட்டது. போரைத் தடுக்க முடியவில்லை. ஆனால் போருக்குப் பிறகு அதே மாநாட்டை மறுபடி தொடங்கினார்கள். 1939-இல் அதில் கலந்துகொண்ட மியாசாவா என்ற மாணவர்தான் ஹட்டோரி இறந்தபோது ஜப்பானின் பிரதமர். இதை வைத்து என்ன முடிவு சொல்வது? எனக்குத் தெரியவில்லை.

இப்போது வருகிறவர்களே குறைவு. 1990-களின் கடைசியில் 47,000 ஜப்பானிய மாணவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் இருந்தார்கள், பிறகு அது 20,000-க்கும் கீழே போய்விட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள் என்று அங்கே பெரியவர்கள் குறை சொல்கிறார்களாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைகளின் எண்ணிக்கையே குறைந்துவிட்டது, அமெரிக்கப் படிப்புச் செலவு எங்கேயோ போய்விட்டது, கல்லூரி மூன்றாம் வருடத்திலேயே வேலை தேட ஓட வேண்டியிருக்கிறது. வீட்டில் இருக்கிற காசைப் பார்க்காமல் பிள்ளையின் தைரியத்தைக் குறை சொல்வது நம் ஊரிலும் நடப்பதுதானே.

மூத்தவளுக்கு இப்போது பாடம் நடக்கிறது. குளியல் தொட்டித் தண்ணீர் வீட்டில் எல்லோருக்கும் பொது, வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் உள்ளே இறங்க வேண்டும், முடித்ததும் அடைப்பைப் பிடுங்கிவிடக் கூடாது. கழிப்பறைக்குத் தனிச் செருப்பு, அதோடு கூடத்துக்கு வந்துவிடக் கூடாது. இதெல்லாம் அந்தப் பெண் படம் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

பரிசு என்ன கொடுத்தனுப்புவது என்பதில்தான் சண்டை. ஊரின் பெயரைச் சொல்லும் பொருளாக இருக்க வேண்டும், பிரித்துக் கொடுக்கத் தோதாகவும் இருக்க வேண்டும். இங்கே கிரான்பெர்ரி மிட்டாய்தான் விசேஷம், அதை வாங்கு என்றேன். அது சரி அம்மா, தூத்துக்குடி மக்ரூனும் வேண்டும், மாசி கொடுத்த வீட்டுக்கு நாம் அதைத்தானே கொடுக்க வேண்டும் என்கிறாள். உன் அண்ணன் ஜூனில் வருகிறாரே, இரண்டு கிலோ வாங்கிக் கொடுத்து விடு, ஏட்டி. பைக்குள் போட்டால் தூளாகிவிடும், டப்பாவில் வைத்துக் கையிலேயே கொண்டுவரச் சொல். உடைந்தால் ஜப்பான்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், இவள்தான் என்னைப் பிய்த்துவிடுவாள்.

உன்,
ஹாஸ்டல் பதினான்காம் நம்பர்