உள்ளிருந்து தட்டியவர்

காப்பகங்களை மூடும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான காப்பகம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் பராமரிப்பாளராக இருந்தவன் நான். மூட வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. எப்போதோ மூடியிருக்க வேண்டும். எனக்கு ஆறாதது நீங்கள் மூடும் விதம்தான்.

எங்களிடமிருந்து நான்கு பேர் ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். ஒருவருக்கு வயது 52. அதில் நாற்பது ஆண்டுகள் காப்பகத்தில் போய்விட்டன. துணைக்கு நானும் முதல் வாரம் அங்கே தங்கினேன். ஒரு நாள் விடியும் முன் அவருடைய அறையிலிருந்து மெல்லத் தட்டும் ஓசை கேட்டது. கதவு பூட்டியிருக்கவில்லை. தாழ்ப்பாளும் உள்பக்கம்தான். யாராவது வந்து திறப்பார்கள் என்று, சிறுநீரை அடக்கிக்கொண்டு உள்ளே நின்று தட்டிக்கொண்டிருந்தார் மனிதர். அப்படித் தட்டிவிட்டுக் காத்திருக்க அவரைப் பழக்கியவர்களில் நானும் ஒருவன்.

தானே கதவைத் திறந்து வெளியே வர அவருக்கு ஐந்து மாதம் ஆயிற்று. கட்டில், அலமாரி, இடம் மாறும் தேதி எல்லாம் இருக்கும் உங்கள் திட்டத்தில் இந்த ஐந்து மாதத்துக்கு இடமே இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையை நீங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறீர்கள். எங்கே, யாருடன் வாழ்வது என்பதை அவரவரே தேர்ந்துகொள்ளலாம் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. அந்த நால்வரில் ஒருவரிடமாவது யாரேனும் கேட்டீர்களா? ஐந்து முதல் எட்டுப் பேர் இருக்கும் சிறு இல்லமானாலும், தனி வீடே ஆனாலும், காப்பகத்தின் குணங்கள் அங்கே தொடர்ந்தால் அது சுதந்திர வாழ்வு ஆகாது என்று 2017இல் ஐ.நா. குழு விளக்கமும் கொடுத்துவிட்டது. இந்த வீட்டில் ஒன்பது மணிக்கு ஊழியர்களுக்குப் பணி மாறுகிறது, ஆகவே எட்டரைக்கே விளக்கை அணைத்துவிடுகிறார்கள். ஃபிரிட்ஜுக்குப் பூட்டு. வாசல் சாவி, குடியிருப்பவர்களைத் தவிர மற்ற எல்லோரிடமும் இருக்கிறது.

ஸ்வீடன் 1997இல் சட்டம் இயற்றி, 1999 முடிவதற்குள் காப்பகங்களை மூட வேண்டும் என்று கெடு வைத்தது. அதற்கு முன்பே, 1994இல் நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம் தனி உதவியாளரைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தந்திருந்தது. நீங்கள் கெடுவை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். (மூடினால் செலவு மிச்சம் என்று உங்களிடம் யார் சொன்னார்களோ!) பயந்துபோய்ப் பெற்றோர் எதிர்த்தால் அவர்களைப் பிற்போக்கானவர்கள் என்கிறீர்கள். தங்களுக்குப் பின் யார் என்ற அவர்களின் கேள்விக்கு இன்னும் பதில் சொன்னபாடில்லை.

அடுத்த தேதியைக் குறிக்கும் முன், போகிறவர்கள் அந்த வீட்டில் சில இரவுகள் தங்கிப் பார்க்கட்டும். பேச்சு வராதவர்களுக்குப் படம் காட்டிக் கேளுங்கள். சாவியை அவர்கள் கையில் கொடுங்கள்.

இன்னொன்று. கதவைத் தட்டியவருக்கு இருபது ஆண்டுகளாகப் பக்கத்துக் கட்டிலில் படுத்த நண்பர் ஒருவர் உண்டு. உதவித் தேவை வேறு வகை என்று கோப்பில் இருந்ததால் அவரை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். பஸ்ஸில் நாற்பது நிமிடப் பயணம். இரண்டு வீட்டு ஊழியர்களின் பணிநேரமும் ஒத்துவராததால், குடிபோன பிறகு இருவரும் ஒரே ஒருமுறைதான் சந்தித்திருக்கிறார்கள். எனக்குப் பதில் எழுதுவது இருக்கட்டும், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் பராமரிப்பாளர் ஒருவர்