கொக்கி இருப்பதே முன்பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, இடையை இறுக்கிக் கட்டும் கார்செட் உடுப்பு பற்றிய கட்டுரையில் "உடலில் குறை உள்ளவர்கள் இதைக் கையால்கூடத் தொடக்கூடாது" என்ற வரியை என் கணவர் உரக்க வாசித்தபோது, நான் கார்செட் ஒன்றுக்குத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முதுகுத்தண்டு வளைவு. வலப்பக்க விலா பின்னால் புடைத்திருக்கும். போதாததற்கு இடது தோள் இறுகிப்போய் மூன்று வருடம் ஆகிறது. இங்கே இங்கிலாந்தின் லெஸ்டரில், விக்டோரியா காலத்து உடை அணிந்து கூடும் விழாக்களுக்குப் பதினோரு வருடமாகப் போய்வருகிறேன். இதுவரை உயிரோடுதான் இருக்கிறேன்.

அந்தக் காலத்தில் இடை சிறுக்க விலா எலும்பை அறுத்தெடுத்தார்களாம், உங்கள் கட்டுரை சொல்கிறது. ஈதர் மயக்க மருந்தே அறுவை அரங்குக்கு வந்தது 1846இல். புண்ணில் கிருமி சேராமல் காக்கும் முறையை அறுவை மருத்துவர் லிஸ்டர் எழுதியது 1867இல். அதற்கு முன் அழகுக்காக மார்புக்கூட்டைத் திறந்துகொண்டவர் பிழைத்து நடனமாடப் போயிருப்பாரா? தாங்கள் அறியாததல்ல. கார்செட் விறைப்பாக நிற்க அன்று உள்ளே வைத்துத் தைத்த 'திமிங்கில எலும்பு' என்பதும் எலும்பல்ல. அதன் வாயில் சல்லடைபோல் தொங்கும் தகடு, நம் நகம் போன்ற பொருள்.

13 வயதில் மதுரையில் வளைவு கூடாமல் இருக்க எனக்கு உடம்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பிரேஸ் மாட்டினார்கள். நாளுக்கு 23 மணி நேரம். சித்திரை வெயிலில் உள்பனியன் நனைந்து முதுகெல்லாம் வேர்க்குரு. வகுப்புப் பிள்ளைகள் கதவைத் தட்டுவதுபோல் அதைத் தட்டிப்பார்ப்பார்கள். அதன் பெயர் சிகிச்சை. இன்று நானே அளவெடுத்து, நானே தைத்து, ஆசைப்பட்டு ஐந்து மணி நேரம் போட்டால் அதன் பெயர் வதையா?

என் கார்செட்டின் இரு பாதிகளும் ஒன்றுபோல் இருக்காது. இரண்டுக்கும் தனித்தனியே காகிதம் வெட்டுவேன். புடைத்த விலாவின் மேல் இரும்புப் பட்டை ஏறாமல் ஒதுக்கி, குழிந்த பக்கத்தில் பஞ்சு வைத்துத் தைப்பேன். இரண்டு அங்குலத்துக்கு மேல் இறுக்குவதில்லை. கை பின்னால் போகாது; அதனால் பின்நாடாவின் வளையத்தைச் சமையலறைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு மெல்ல முன்னால் நகர்வேன். முளைக்குச்சியை இழுக்கும் மாடு என்பார் கணவர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எல்லோருக்கும் ஆகும் என்று நான் சொல்லவில்லை. என் தோழிக்கு இரைப்பை மேலேறும் ஹெர்னியா. ஒரு மணி நேரத்தில் நெஞ்செரிச்சல் தாங்காமல் கழற்றிவிட்டாள். இப்போது பட்டைக்குப் பதில் பருத்திக் கயிறு கோத்துத் தைத்த தளர்வான ஒன்றைப் போடுகிறாள். அதுவும் அந்தக் காலத்தில் இருந்ததுதான். என் வளைவும் கார்செட்டால் நிமிர்ந்துவிடவில்லை, கழற்றினால் பழைய முதுகுதான். ஆனால் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்பதற்கும் தொடாதே என்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

2018இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவின் கார்செட்டுகளைப் பார்த்தேன். 1925இல் பஸ் விபத்தில் முதுகெலும்பு முறிந்தவர். தன் மாவுக்கட்டுக் கார்செட்டின்மேல் அரிவாளும் சுத்தியலும் வரைந்துவைத்திருக்கிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வெகுநேரம் நின்றிருந்தேன். அவரிடம் போய்ச் சொல்லுங்கள், தொடாதே என்று.

உங்கள் மருத்துவர் பதில் பகுதியில் மகளின் முதுகு வளைவு பற்றிக் கேட்ட ஒரு தாய்க்கு முன்பு, "கவலை வேண்டாம், கல்யாணத்துக்குள் சரியாகிவிடும்" என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அப்போது நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை நான்கு வரியாக்கிப் போட்டீர்கள். நன்றி. அதிலும் நான் 'வளைவு' என்று எழுதியதைக் 'கூன்' என்று மாற்றியிருந்தீர்கள்.

கட்டுரைப் படத்தில் நாடா கோத்த பக்கத்துக்கு 'முன்பக்கத் தோற்றம்' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் கார்செட்டில் கொக்கி இருப்பதே முன்பக்கம். அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். இந்தக் கடிதத்தையும் வெட்டத்தான் போகிறீர்கள், தாராளமாக வெட்டுங்கள். 'வளைவு' மட்டும் 'வளைவு' என்றே இருக்கட்டும்.

இப்படிக்கு,
19 ஆண்டுச் சந்தாதாரர்,
லெஸ்டர்