அடுப்படியில் பழகும் அறம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நன்னெறிப் பாடத்தைப் பள்ளிகளில் வினா விடையாக மனப்பாடம் செய்ய வைப்பது எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது. அறம் அப்படி வருவதில்லை என்பதற்கு நம் கடலூர் மாவட்டத்திலேயே சான்று உண்டு. வடலூரில் 1867ஆம் ஆண்டு இராமலிங்க அடிகளார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில், அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு, பசித்து வருவோருக்கு இன்றும் உணவளிக்கப்படுகிறது. எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் கொள்ளும் சீவகாருண்யம் பற்றி அடிகளார் எழுதியதைப் படிப்பவருக்குக் கருத்து விளங்கும். ஆயினும் காய் நறுக்கி, உலை வைத்து, இன்னார் என்று கேளாமல் பரிமாறி, மறுசோறு கேட்கத் தயங்குபவரின் முகக்குறிப்பை அறிந்து தாமே சென்று இடப் பழகியவருக்குத்தான் அக்கருத்தின் முழுப்பொருள் பிடிபடும் என்று நம்புகிறேன். எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி, முதியவரிடம் எந்தக் குரலில் பேசுவது என்பவையெல்லாம் உடனிருந்து உழைக்கும் மூத்தோரிடமிருந்து கைவரும் அறிவு. நீதியான செயல்களைச் செய்தே ஒருவர் நீதிமான் ஆகிறார் என்று அரிஸ்டாட்டிலும் கூறியிருக்கிறார்.

எனவே, உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஒருநாள் சுற்றுலாவாக அழைத்துச் சென்று திருப்பாமல், பெற்றோர் இசைவுடன், ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் இத்தகைய அன்னதானப் பணிகளில் ஈடுபடுத்தக் கல்வித்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கடலூர்.