வீடு எழும்புது அம்மா

சிவமயம்

ரொறன்ரோ,
19.10.2003

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நாங்கள் இரண்டு பேரும் நல்ல சுகம். உங்கடை சுகத்துக்கு நல்லூரானை வேண்டிக்கொள்ளுறன். நீங்கள் போட்ட காயிதம் போன கிழமை கிடைச்சது. "போன் எடுத்தால் போன்காட் காசு முடியுதெண்டு அரைவாசியிலை வைக்கிறாய், உன்ரை கையெழுத்தைக் கண்டு எவ்வளவு காலம்" எண்டு எழுதியிருந்தியள். அதுக்குப் பிறகும் பேசாமல் இருக்கேலுமோ? இவர் இரவு வேலைக்குப் போட்டார், மத்தியானச் சோறு கிடக்கு, சமையலும் இல்லை. ஆறுதலா இருந்து எழுதுறன். அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. அவர் கண்ணாடி மாத்தினவரோ இல்லையோ எண்டு நீங்கள் எழுதவே இல்லை.

முதல் வீட்டு விசயம். நாள் பாத்து அத்திவாரக் கல்லு வைச்சதோ எண்டு கேட்டிருந்தியள். அம்மா, இஞ்சை வீட்டை நாங்கள் கட்டுறேல்லை. கொம்பனிக்காரர் ஒரே மாதிரி வரிசையாக் கட்டிக்கொண்டு போகினம். நாங்கள் போய்ப் படத்திலை ஒரு நம்பரைத் தொட்டுக் காட்டி முற்பணம் கட்டினம், அவ்வளவுதான். கிடங்கு வெட்ட மெஷின் வந்த அண்டைக்கு நாங்கள் இரண்டு பேரும் வேலையிலை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாத்தால் பெரிய பள்ளம். திருநீறும் ஒரு மஞ்சள் துண்டும் கடதாசியிலை மடிச்சுக் கொண்டு போனனான், கம்பிவேலிக்கு மேலாலை எறிஞ்சுபோட்டு வந்தன். சுபநேரமோ தெரியாது. ராகுகாலம் இல்லையெண்டு மட்டும் பாத்தனான்.

அத்திவாரம் நாலடிக்குக் கீழை போகவேணுமாம். மாரியிலை நிலத்துக்குள்ளை தண்ணி உறைய, மண் உப்பி வீட்டைத் தூக்கிப்போடுமாம். அதாலை ஆழமா வெட்டி, வெட்டினதை வீணாக்காமல் கீழையும் ஒரு வீடு போடுறாங்கள். அதைத்தான் பேஸ்மென்ற் எண்டுறது. சுத்திவரக் கொங்கிறீற். அதுக்கு மேலை முழுக்கப் பலகை. அப்பா நம்பமாட்டார். சட்டம் சட்டமா மரத்தை நிமித்தி, ஆணியடிச்சு, இடைவெளிக்குள்ளை ரோசாநிறப் பஞ்சை அடைஞ்சு, உள்ளுக்குச் சுண்ணாம்பு மட்டை அடிச்சுப் பெயின்ற் பூசுறாங்கள். வெளியிலை தெரியிற செங்கல்லு வடிவுக்குத்தான், பாரத்தைத் தாங்கிறது பலகை. காங்கேசன்துறைச் சீமெந்துப் பாக்டரியிலை வேலை செய்த மாமாவுக்கு இதை எழுதவேண்டாம், படுத்துவிடுவார் எண்டு இவர் சிரிக்கிறார். சுவரிலை சாமிப் படம் மாட்டுறதெண்டால், தட்டித் தட்டிப் பாத்து உள்ளுக்குச் சட்டம் எங்கை நிக்குதெண்டு பிடிக்கவேணுமாம். இல்லாட்டிப் படத்தோடை சுவரும் வரும்.

வாசல் தெற்கு. கோவிக்காதேங்கோ. கிழக்கு வாசல் வீடெல்லாம் எங்கடை ஆக்களே முந்திப் போய் எழுதிப்போட்டினம். மேல்மாடியிலை துவாய் அடுக்கிற அலுமாரி ஒண்டு இருக்கு, அது கிழக்குப் பாத்தபடி. அதைச் சாமி அறை ஆக்கப்போறம்.

இடம் மார்க்கம் பக்கம், ரொறன்ரோவுக்கு வடக்கை. ஸ்டீல்ஸ் வீதிதான் எல்லை, அதைத் தாண்டினால் பஸ்ஸுக்கு இன்னொரு ரிக்கற் எடுக்கவேணும். இப்ப கடையும் இல்லை, கோயிலும் இல்லை. எங்கடை வளவுக்குப் பின்னாலை இன்னும் சோளம் நிக்குது. கீழ்வீட்டுக்கு ஆரையும் குடும்பமா வைக்கலாமெண்டு இருக்கிறம். அவ்வளவு பெரிய வீட்டிலை இரண்டு பேர் இருந்து என்ன செய்யிறது? ஆக்கள் இருந்தால் கலகலப்பு.

படத்திலை என்ரை கழுத்திலை தாலிக்கொடியைக் காணேல்லை எண்டு எழுதியிருந்தியள். உங்கடை கண்ணுக்கு ஒண்டும் தப்பாது. அது பாங்க் லொக்கரிலை பத்திரமா இருக்கு அம்மா. வேலையிலை மெஷினுக்குக் கிட்ட நிக்கிறபடியால் கொடி போட விடாயினம். மஞ்சள் கயித்திலை தாலி இருக்கு, குளிர்ச் சட்டைக்குள்ளை தெரியேல்லை. வேறை ஒண்டும் யோசிக்காதேங்கோ.

இவற்றை வேலைக்கும் குறையில்லை. பங்குனியிலை இருந்து சார்ஸ் எண்டு ஒரு காய்ச்சல் வந்து 44 பேர் செத்தவை, ரேடியோவிலை கேட்டிருப்பியள். சனம் வெளியிலை சாப்பிடப் பயந்து ரெஸ்ரோறன்ற் எல்லாம் வெறிச்சுப் போச்சு. அந்த நேரம் இவருக்கு நல்ல ஓய்வு கிடைச்சது. இப்ப இரவிலை பேக்கறி. அடுப்படியிலை நிக்கிற வேலை, மாரிக்கு நல்லது. அவர் வர நான் வெளிக்கிடுவன், விடியக்காலமை லிப்ற் வாசலிலை சந்திச்சுச் சாப்பாட்டுப் பெட்டியைக் கைமாத்துவம்.

எதிர்க்கதவு மனிசனைப் பற்றி போனிலை ஒருக்கால் சொன்னனான், ஞாபகமோ? கனடாவின்ரை கிழக்குக் கடல் தீவு நியூபவுண்லாந்து, அந்த ஊர்க் கிழவர். தலைமுறை தலைமுறையா மீன்பிடிகாரர். 1992இலை கொட் மீன் பிடிக்கக்கூடாதெண்டு அரசாங்கம் தடைபோட, தொழில் போய், இஞ்சை மகளிட்டை வந்தவர். மகள் பிறகு கல்யாணம் கட்டிப் போட்டா, மனிசன் தனிய. முதன்முதல் எங்களைக் கண்டோடனை கேட்டது, "நீங்களும் வள்ளத்திலை வந்தனீங்களோ?" எண்டுதான். 1986இலை அவையின்ரை கடலிலை உயிர்காப்பு வள்ளத்துக்குள்ளை தத்தளிச்ச 155 தமிழ் ஆக்களை மீன்பிடிகாரர்தானே தூக்கினவை. பிளேனிலை வந்தனாங்கள் எண்டு சொல்ல, மனிசனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஒருநாள் கதவைத் தட்டி, கடதாசியிலை சுத்தி ஒரு பொருள் தந்தார். பிரிச்சால் கருவாடு! உப்புப் போட்டுக் காய்ச்ச கொட் மீன், கதவுத் தாழ்ப்பாள் தடிப்பு. அவை அதை இரவு முழுக்க ஊறவிட்டு, உருளைக்கிழங்கோடை அவிச்சு, பண்டிக் கொழுப்பைப் பொரிச்சு மேலாலை ஊத்திச் சாப்பிடுவினமாம். நான் உப்பைக் கழுவி, கத்தரிக்காயும் பழப்புளியும் விட்டு, கடைசியிலை தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைச்சன். எங்கடை கட்டாக் கருவாட்டுக்குக் கிட்டவும் வராது, சதை பெருசு, உறைப்பு உள்ளுக்கு இறங்காது. ஆனால் அந்த மணம் அம்மா! கொரிடோர் முழுக்க. லிப்ற்றுக்குள்ளை ஆரோ மூக்கைப் பொத்தினதாம். கிழவர் பாணோடை இரண்டு தரம் வாங்கி, கண்ணாலை தண்ணி ஓட ஓடச் சாப்பிட்டார்.

ஓகஸ்ட் 14ந் திகதி கரண்ட் போனது தெரியும்தானே. பின்னேரம் நாலு மணி போலை ஒன்ராறியோவும் அமெரிக்காவிலை நியூயோர்க்கும் எல்லாம் ஒண்டாய் இருண்டு போச்சுது. லிப்ற் இல்லை. மேலுக்குத் தண்ணி ஏத்திற பம்ப் இல்லை. இவர் கீழை இருந்து வாளியிலை தண்ணி சுமந்து எங்களுக்கும் கிழவருக்கும் ஏத்தினவர். பக்கத்து வீட்டுப் பிலிப்பினோப் பிள்ளையள் பயந்து அழுதுதுகள். நான் ஜாம் போத்தலைக் கழுவி, சாமிக்கு வைச்ச நல்லெண்ணெயை விட்டுத் திரி போட்டுக் கொளுத்தினன். போத்தல் ஒண்டுதான் எண்டு தொடங்கினது, அந்த மாடி முழுக்க ஆள் ஆளாப் போத்தல் கொண்டு வந்திச்சினம். எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. அடுத்த அறையிலை ஒரு எதியோப்பியா மனிசி இருக்கிறா எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். "இதை எங்கை பழகினனீ?" எண்டு அவ கேக்க, எங்கடை ஊரிலை ஆறு வருசம் கரண்ட் இல்லாமல் இதிலைதான் ஏஎல் சோதினைக்குப் படிச்சனாங்கள் எண்டு சொன்னன். அம்மா, அந்த எண்ணெய் மணத்துக்கு நீங்கள் அடுப்படியிலை நிக்கிற மாதிரியே இருந்தது. எல்லாரும் போன பிறகு நான் குளியலறைக்குள்ளை போய் இருந்து அழுதன். இவருக்குச் சொல்லேல்லை.

வீடு வாங்கியாச்செண்டு கிழவருக்குச் சொன்ன நாள் அவர் ஒண்டும் கதைக்கேல்லை. அடுத்த நாள் ஒரு பழைய படம் கொண்டு வந்து காட்டினார். கடலிலை ஒரு வீடு போகுது. உண்மையா அம்மா, இரண்டு மாடி, யன்னல் எல்லாம் அப்பிடியே. 1954இலை இருந்து 75 வரைக்கும் அவையின்ரை சின்னச் சின்னக் கரையோர ஊருகளை அரசாங்கம் காசு குடுத்து வேறை இடத்துக்கு எழுப்பினதாம். பள்ளிக்கூடமும் ஆசுப்பத்திரியும் அவ்வளவு தூரத்துக்குத் தரேலாதெண்டு. ஏறக்குறைய 300 ஊர், 30,000 சனம். வீட்டை விட்டுவர மனமில்லாத ஆக்கள் வீட்டுக்குக் கீழை வெறும் பீப்பாயளைக் கட்டி, கடல் பெருகேக்கை மிதக்கவிட்டு, வள்ளத்திலை கட்டி இழுத்துக்கொண்டு புது இடத்துக்குப் போனவையாம். அவற்றை தேப்பன்ரை வீடும் அப்பிடிப் போனதாம். பலகை வீடெண்டபடியால் மிதந்திருக்கு.

எங்கடை மாவிட்டபுரத்து வீடு கல்வீடு. தொண்ணூறிலை சண்டைக்கு ஓடேக்கை அப்பா தூக்கினது காணி உறுதிப் பெட்டியும் ரேடியோவும். நீங்கள் தூக்கினது சின்னவளை. நான் சைக்கிள் கரியரிலை அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு உருட்டினன். இரண்டு கிழமையிலை வருவம் எண்டுதானே கோழியளைத் திறந்து விட்டிட்டு வந்தனாங்கள். சமாதானம் எண்டு பாதை திறந்து, கொழும்பிலை இருந்து சனம் பஸ்ஸிலை வந்து நல்லூர்த் தேர் பாத்திட்டுப் போகுது. எங்கடை பக்கத்தை ஆமி இன்னும் விடாதபடியால், கொக்குவிலிலை வாடகைக்கு இருக்கிற உங்களுக்கு மட்டும் உங்கடை கிணத்தடியை எட்டிப் பாக்கேலாது.

சரி, இதை விடுங்கோ.

நாங்கள் இப்ப இருக்கிற வெலஸ்லி, பார்லிமென்ற் வீதிப் பக்கத்தை விட்டு எங்கடை ஆக்கள் ஒவ்வொருத்தரா ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் போகினம். முந்தி ஒரு மாடியிலை ஏழெட்டுத் தமிழ் வீடு இருந்ததாம். இப்ப எங்கடை மாடியிலை நாங்களும் உரும்பிராய் அக்காவும்தான். நானும் போனால் தான் ஆரிட்டைத் திறப்பைக் குடுத்திட்டு வேலைக்குப் போறதெண்டு அக்கா கேக்கிறா. எனக்கு வாயிலை மறுமொழி வரேல்லை. சீட்டு மட்டும் விடாமல் கட்டுவன் எண்டு சொன்னன்.

இனி முக்கியமான விசயங்கள்.

ஒண்டு, புது வீட்டுக்குக் குடிபூரல். ஆவணியிலை தாறதெண்ட வீட்டைக் கொம்பனிக்காரர் பின்போட்டுப் பின்போட்டு இப்ப டிசம்பர் 19 எண்டு கடிதம் போட்டிருக்கினம். மார்கழி பிறந்துவிடும். அப்பாட்மென்றை 31ந் திகதியோடை விடவேணும், அதாலை தை வரைக்கும் பொறுக்கேலாது. உரும்பிராய் அக்கா சொல்லுறா, மார்கழி முழுக்கப் பக்கக் கதவாலை கீழ்வீட்டுக்குள்ளை போய் வாங்கோ, தையிலை முன்வாசலாலை குத்துவிளக்கோடை போய்ப் பால் காய்ச்சுங்கோ எண்டு. இது சாத்திரத்திலை இருக்கோ அக்காவின்ரை மூளையிலை இருக்கோ தெரியாது. ஐயரிட்டைக் கேளுங்கோ. வாக்கிய பஞ்சாங்கத்திலேயே பாக்கச் சொல்லுங்கோ, ஞாயிறாய் இருந்தால் நல்லது.

மற்றது சின்னவளின்ரை சம்பந்தம். கோண்டாவில் மாமி கொண்டுவந்த இடம் நல்ல இடம்தான், பெடியனைப் பற்றி இஞ்சையும் விசாரிச்சம். ஆனால் "ஆமிக்குள்ளை கிடக்கிற காணியை என்ன செய்யிறது, காசாத் தாங்கோ" எண்டு கேக்கினம் எண்டும், வளவை அரைவிலைக்கு வாங்க ஆள் இருக்கெண்டு பெரியப்பா சொல்லுறார் எண்டும் எழுதியிருந்தியள். அம்மா, வித்துப்போடாதேங்கோ. உள்ளுக்குப் போகேலாத காணிக்கு இண்டைக்கு ஒருத்தன் காசு தாறானெண்டால் அவனுக்குத் தெரிஞ்ச ஏதோ எங்களுக்குத் தெரியேல்லை. முழு வளவையும் சின்னவளின்ரை பேருக்குச் சீதன உறுதியா எழுதுங்கோ. என்ரை பங்கு எனக்கு வேண்டாம். எனக்குப் பதிலா உறுதியிலை கையெழுத்து வைக்க உரிமை குடுத்து, நொத்தாரிசிட்டைக் கையெழுத்து வைச்ச அற்றோணித் தத்துவத்தை இதோடை வைச்சிருக்கிறன், அப்பாவின்ரை பேருக்குத்தான் குடுத்திருக்கிறன்.

உறுதி எழுதேக்கை அப்பா பக்கத்திலை நிக்கவேணும். பழைய உறுதியிலை கிணத்திலை பாதிப் பங்கும், வழி வாய்க்கால் பாத்தியதையும் தெளிவா இருக்கு. அவசரத்திலை அதை விட்டுப்போட்டு எழுதினால் நாளைக்குச் சின்னவள் தண்ணிக்கு அடுத்த வீட்டிலை நிக்கவேணும். கிழக்கு எல்லைப் புளியமரம் எங்கடை பக்கம் எண்டதையும் எழுதச் சொல்லுங்கோ. மரம் நிக்குதோ இல்லையோ, எழுத்திலை நிக்கட்டும்.

மாப்பிள்ளை பகுதி கேட்ட காசுக்கு நீங்கள் ஆரிட்டையும் வட்டிக்கு வாங்கப்படாது. தைமாதச் சீட்டு எனக்கு விழும். அரைவாசியை அப்ப அனுப்புவன், மிச்சம் கல்யாணத்துக்கு முதல். இவரும் ஓம் எண்டிட்டார். எங்களுக்கு இஞ்சை ஒரு கஷ்டமும் இல்லை.

கந்தசஷ்டி வருது. தண்ணியோடை மட்டும் விரதம் இருக்காதேங்கோ, போன முறை மயங்கி விழுந்ததை மாமி எனக்குச் சொன்னவ. பாலும் பழமுமாவது எடுங்கோ.

அன்பு மகள்

பின்குறிப்பு: சின்னவளுக்கு. மாப்பிள்ளையின்ரை படம் அம்மா அனுப்பினது ஐடென்ரிக் காட் அளவு, அதிலை ஆள் முழிக்கிறார். வேறை படம் இருந்தால் அனுப்பு. உனக்கு மனசுக்குப் பிடிச்சிருக்கோ எண்டு தனிக் காயிதத்திலை எனக்கு எழுது. பிடிக்காட்டி அதையும் எழுது, அம்மாவோடை நான் கதைக்கிறன். இந்தப் பகுதியையும் அம்மா வாசிப்பா எண்டு தெரியும், வாசிக்கட்டும்.